யூஜினாவின் ஒன்பதாம் அத்தியாயம்

பார்சல் லிந்துலைக்குத்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

லிந்துலை டவுனில் நஸாரின் புடவைக் கடைக்குள், துணி அளக்கும் மேசைக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். யூஜினாவுக்கு வருகிற கடிதம், சஞ்சிகை, கூட்ட அழைப்பு எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். இருபத்தைந்து வருஷத்து ஏற்பாடு. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் டின்னைத் திறந்தால், உள்ளே ஒரு கரண்ட் பில்லும் நஸாரின் ஒற்றைக் கால் ஒடிந்த மூக்குக்கண்ணாடியும்தான் கிடந்தன.

"இன்னம் வரல்ல தங்கச்சி. நேத்தும் கேட்டேன், இன்டைக்கும் கேட்டேன். போஸ்ட்டுக்காரன் என்னயக் கண்டா இப்ப அடுத்த ரோட்டால போறான்," என்றார் நஸார்.

யூஜினா ஹட்டனிலுள்ள அச்சகத்துக்கு போன் எடுத்தாள். அங்கே வேலை பார்க்கும் டினேஷ், வெள்ளிக்கிழமையே பதிவுத் தபாலில் போட்டுவிட்டதாகச் சொன்னான். நாவல் முழுவதும், பிழை திருத்துவதற்காக அச்சடித்த தாள்கள். வியாழக்கிழமைக்குள் திருத்தி வந்தால்தான் வெளியீட்டு விழாவுக்குப் புத்தகம் முடியும். மண்டபமும் எடுத்தாயிற்று, அழைப்பிதழும் போயாயிற்று. எந்த விலாசத்துக்கு அனுப்பினாய் என்று கேட்டாள். அவன் ஃபோமை எடுத்து வாசித்தான்.

"குருவிமலைத் தோட்டம், கீழ்ப்பிரிவு, அக்கரப்பத்தனை. அண்ணன்தான் எழுதிக் குடுத்தாரு, அக்கா."

அண்ணன் என்றால் இராயப்பன். யூஜினாவின் புருஷன். யூஜினா போனைப் பிடித்தபடியே துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் ஒரு காம்பராவுக்குத் தனி விலாசம் கிடையாது. இருநூறு குடும்பத்துக்கும் வருகிற கடிதம் ஒரே பையில் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் பிரிப்பார். அவர் பிரிக்கும்போது, மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிப்பார். அந்த ஆபீசில் உறைகள் தாமாகத் திறந்துகொள்ளும். கேட்டால், பசை சரியில்லை என்பார்கள். எந்தப் பெண் எங்கே வேலைக்கு எழுதிப் போட்டாள், யாருக்கு எங்கிருந்து சம்பந்தம் வருகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் ஆபீசுக்குத் தெரியும். அதற்குப் பயந்துதான் யூஜினா தன் எழுத்துச் சாமான்களை எல்லாம் லிந்துலைக்கு வரவழைத்தாள்.

அதற்காக ஊர் சும்மா இருக்குமா? கீழ்ப்பிரிவிலிருந்து பஸ் ஏறி ஒருத்தி புடவைக் கடைக்குப் போகிறாள், வரும்போது புடவை வாங்கி வருவதில்லை என்றால் என்ன அர்த்தம் என்று லயத்தில் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் வைத்திருந்தார்கள். அர்த்தம் தப்பு. டின் நஸாருடையது இல்லை, அவர் மனைவி செரீபாவுடையது. யூஜினா எழுதியதை முதலில் வாசிக்கிற ஆள் செரீபாதான். "இது கவித இல்ல, முறைப்பாடு" என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பிக் கொடுக்கிற ஆளும் அவர்தான். ஆனால் அந்த அர்த்தம் இராயப்பனின் காதிலும் இருபத்தைந்து வருஷமாக விழுந்துகொண்டிருந்தது. அச்சகத்து ஃபோமில் விலாசம் என்ற இடம் வந்ததும் மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி, பெரிய எழுத்தில், தன் தோட்டத்து விலாசத்தை எழுதிவிட்டார்.

செரீபா உள்ளேயிருந்து வந்தார். நாவலைக் கொப்பியிலேயே வாசித்து முடித்தவர். விஷயத்தைக் கேட்டதும் பார்சலைப் பற்றிக் கேட்கவில்லை.

"யூஜினா, அந்த ஒம்பதாவதுல வார புள்ள நெசத்துல இருக்கிற ஆள்தானே. அவக்கிட்ட சொல்லிட்டா எழுதினீங்க?"

யூஜினா பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்தால் யாரும் எழுத்தாளர் என்று சொல்ல மாட்டார்கள். ஐம்பத்தொரு வயது, முழங்கால் வலி, கழுத்தில் மாதா சுரூபம், மடியில் அரைக் கிலோ கருவாடு. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் ஆயா வேலை. காலையில் தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற இருபது பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துக் கஞ்சி ஊட்டுவது அவள் உத்தியோகம்.

பதினேழு வயதில், கொழுந்து பறிக்கப் பேர் பதிந்த முதல் வருஷம், அவள் ஒரு தபாலட்டையில் மூன்று வரி எழுதி ரேடியோவுக்கு அனுப்பினாள்.

அப்பாவுக்கு ரெண்டு மணிக்கு வேலை முடியுது,
அம்மாவுக்கு வேலையே முடியவில்லை.
கடிகாரம் என்ன, ஆம்பளையா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ரேடியோவில் பெயர், தோட்டம், பிரிவு எல்லாம் சேர்த்து வாசித்தார்கள். லயமே கேட்டது. பெண்கள் வாய்க்குள் சிரித்தார்கள். ஆண்கள் மறுநாள் அவளுடைய அப்பாவைக் கண்ட இடத்தில் எல்லாம் மணி கேட்டார்கள். அப்பா வீட்டுக்கு வந்து மகளை ஒன்றும் சொல்லவில்லை. ரேடியோவின் பெற்றரியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தார்.

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. கொழுந்து மலையில் மனதுக்குள் எழுதி, மாலையில் கொப்பியில் இறக்குவாள். ஆண் வாரிசு கிடைக்கும்வரை பெற்றுக்கொண்டே போன பக்கத்துக் காம்பரா மீனம்மாவைப் பற்றி எழுதினாள். மலையில் பெண்களுக்கு ஒதுங்க இடமில்லாததைப் பற்றி எழுதியபோது, இதெல்லாமா கவிதை என்று ஒரு பெரியவர் பத்திரிகைக்குக் காட்டமாகக் கடிதம் போட்டார். அவர் வீட்டில் இரண்டு கக்கூஸ் இருந்ததாக யூஜினா பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டாள். முப்பத்தோராம் வயதில் முதல் கவிதைப் புத்தகம். பிறகு இன்னொன்று. கொழும்பிலிருந்து வந்த ஒரு பேராசிரியை அம்மா, ஹட்டன் கூட்டத்தில் அவளை மலையகப் பெண்ணிய எழுத்தின் முன்னோடி என்று சொன்னார். முன்னோடி என்றால் மாதச் சம்பளம் உண்டா என்று இராயப்பன் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்டார். இராயப்பன் நல்ல மனுஷன். ஸ்டோர் என்கிற தோட்டத்துத் தேயிலை ஆலையில் அரைக்கிற வேலை. மனைவியின் கூட்டங்களுக்கு எல்லாம் கோட்டுப் போட்டுக்கொண்டு போவார். புத்தகத்தை மட்டும் இன்றுவரை திறந்ததில்லை.

'கீழ்ப்பிரிவு' அவளுடைய முதல் நாவல். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்தில் பிறந்த ஒரு பெண் நாவல் எழுதி அச்சுக்குப் போவது அதுதான் முதல் தடவை. ஏழு வருஷம் எழுதினாள். அதில் ஒன்பதாம் அத்தியாயம்தான் உயிர் என்று பேராசிரியை அம்மாவும் சொன்னார், செரீபாவும் சொன்னார்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு கண்டாக்கு வருவார். புதிதாகப் பேர் பதிந்த ஒரு பெண்ணுக்கு நாள் தவறாமல் பைனஸ் மரக் காட்டோரத்துத் தேயிலையில் தனி நிரையைக் கொடுப்பார். ஒருநாள் அந்தப் பக்கம் அவரும் போவார். அவள் கதறி ஓடிவருவாள். கொழுந்துக் கூட்டத்துப் பெண்கள் முப்பது பேரும் அவரைச் சுற்றி நின்று, நிறைந்த கொழுந்துச் சாக்கு ஒன்றை அவர் முதுகில் ஏற்றி, வெள்ளைக் காலுறையோடு சேற்றில் நடக்கவிட்டு, நிறுக்கிற மடுவம்வரை சுமக்க வைப்பார்கள்.

இது நடந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நாலாம் நம்பர் மலையில். அப்போது யூஜினாவும் கொழுந்து பறித்தாள். சாக்கை ஏற்றிய கைகளில் இரண்டு அவளுடையவை. அன்றைக்கே முப்பது பேரும் கொழுந்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். இது மலையை விட்டு இறங்கக்கூடாது, அந்தப் பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி ஆக வேண்டும். முப்பது பெண்கள் பன்னிரண்டு வருஷம் ஒரு விஷயத்தை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்றால் நம்புவது கஷ்டம். ஆனாலும் வைத்திருந்தார்கள். கண்டாக்கு, வழுக்கி விழுந்ததாக ஆபீசில் சொல்லிக்கொண்டார்.

அந்தக் கண்டாக்கு செல்லசாமி. இப்போது பெரிய கண்டாக்கு. அந்தப் பிள்ளை அம்மாக்கண்ணு. இப்போது அதே லயத்தில், யூஜினாவின் காம்பராவுக்கு நாலு கதவு தள்ளி, புருஷன் பிள்ளையோடு இருக்கிறாள். புருஷன் கிஷாந்த் கொழும்பில் ஒரு கடையில் வேலை. பௌர்ணமிப் போயா லீவுக்கு மட்டும் வருவான். அவனுக்கு இது தெரியாது. யூஜினா பெயரை மாற்றினாள், தோட்டத்தின் பெயரை மாற்றினாள், கண்டாக்குக்கு ஒரு மீசையும் வைத்துவிட்டாள். சாக்கையும் வெள்ளைக் காலுறையையும் மாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. எழுத்தாளர்களுக்கு இருக்கிற வியாதி அது.

அம்மாக்கண்ணுவிடம் கேட்கவும் இல்லை. தினம் காலையில் அவள் பிள்ளையைக் கையில் வாங்குகிறவள், ஏழு வருஷத்தில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியவள் லயத்துக்குப் போகாமல் நேரே ஆபீசுக்கு ஏறினாள். மணி மூன்றரை. கிளாக்கர் அவளைக் கண்டதும் பேனையை எடுத்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத ஒரு தாளில் மும்முரமாக எழுதத் தொடங்கினார். உள் அறையில் செல்லசாமி இருந்தார். மேசையில் பழுப்பு உறை. வாய் திறந்திருந்தது.

உட்காரச் சொன்னார். அதுவே கெட்ட சகுனம். ஆபீசில் தொழிலாளிக்குக் கதிரை கொடுக்கிற வழக்கம் இல்லை. நல்லாத்தான் எழுதியிருக்கிறாய் என்று பாராட்டினார். மழையைப் பற்றி எழுதியது அவருக்குப் பிடித்திருந்ததாம். பிறகு தாள்களுக்கு நடுவே மடித்து வைத்திருந்த இடத்தைத் திறந்தார்.

"இந்த ஒம்போதாவது மட்டும் கதைக்கு ஒட்டல்ல யூஜினா. வெட்டிரு."

இது கற்பனை, யாரையும் குறிப்பதல்ல என்றாள் யூஜினா.

"கற்பனதான். நான் இல்லேங்கல. எனக்கென்ன, இன்னம் ரெண்டு வருசத்துல பென்சன். அம்மாக்கண்ணு புருசன் இருக்கானே கொழும்புல, அவனுக்கும் கற்பனதான்னு வெளங்குதான்னு பாத்துருவோமா? அந்தப் பக்கங்கள போட்டோ புடிச்சி வச்சிருக்கேன். வாட்ஸ்அப்புல ஒரு தட்டுத் தட்டுனா போயிரும்."

போனை எடுத்துக் காட்டக்கூட இல்லை. சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். நாளைக் காலை வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து, வெட்டிவிட்டேன் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்கிப் போகலாம் என்றார்.

யூஜினா ஆபீஸ் படியில் இறங்கினாள். பார்சல் ஒரு பிரச்சினையே இல்லை. டினேஷ் இன்னொரு பிரதி அடித்துத் தருவான். அந்தப் போன்தான் பிரச்சினை. வெட்டினால் நாவல் செத்தது. வெட்டாவிட்டால் அம்மாக்கண்ணு குடும்பம் என்ன ஆகுமோ. வெட்டினாலும் போட்டோ அந்த ஆளிடம் இருக்கும். நாளைக்கு அம்மாக்கண்ணு எதற்காவது எதிர்த்து வாய் திறந்தால் மறுபடி சட்டைப் பையைத் தொடுவார். பன்னிரண்டு வருஷம் அந்த ஆளிடம் இல்லாத ஒரு பிடியை, யூஜினாதான் எழுதிக் கையில் கொடுத்திருக்கிறாள்.

இராயப்பன் வாசலில் நின்றார். முகத்தைப் பார்த்தே ஏதோ செய்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எம் பொஞ்சாதிக்கு வர்றது எங்க வூட்டுக்கு வரட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல," என்றார்.

யூஜினா அவரோடு சண்டை போடவில்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாக அவருக்குச் சொன்னாள். மனுஷன் கேட்டுவிட்டு, கோட்டுப் போடாத நாளில் கோட்டின் பொத்தானைத் தேடுவதுபோல் சட்டையைத் தடவிக்கொண்டே நின்றார்.

ஐந்தரை மணிக்கு அம்மாக்கண்ணு மலையிலிருந்து வந்து, குளித்து, ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். யூஜினா கொப்பியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தினால் லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சுவரில் காதை வைப்பார்கள் என்பதால் மெல்லப் பேசினாள். முதலில் செய்ததைச் சொன்னாள். பிறகு செல்லசாமி சொன்னதைச் சொன்னாள். அம்மாக்கண்ணுவின் கை மாவில் அப்படியே நின்றது.

"வாசி," என்றாள்.

வேண்டாம் என்றாள் யூஜினா.

"ஊரு வாசிக்கப் போவுது. செல்லசாமி வாசிச்சிட்டான். நான் கேக்கக் கூடாதாக்கும்? வாசிக்கா."

யூஜினா வாசித்தாள். ஆயிரம் பேர் முன்னால் மேடையில் வாசித்த வாய், அந்த மண்ணெண்ணெய் வாசத்துக்குள் வரிக்கு வரி தடுக்கியது. அந்தப் பெண் கதறிக்கொண்டு ஓடிவருகிற இடம் வந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்ததாகவும், உதடு நடுங்கியதாகவும், பெண்களின் கால்களில் விழுந்து காப்பாற்றும்படி கேட்டதாகவும் அரைப் பக்கம் எழுதியிருந்தாள். கொப்பியில் அந்த அரைப் பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் பேராசிரியை அம்மா கண்ணைத் துடைத்தார்.

"நிப்பாட்டு," என்றாள் அம்மாக்கண்ணு.

யூஜினா கொப்பியை மூடினாள். அடுத்த வார்த்தை என்னவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாரானாள்.

"நா எப்பக்கா அழுதேன்?"

யூஜினாவுக்குப் புரியவில்லை.

"மட்டக்கம்பால ஓங்கி அடிச்சேன். அந்தாளு கைக்கடிகாரம் ரெண்டாத் தெறிச்சிச்சு. ரெண்டாவது அடி தோள்பட்டையில. அதுக்கப்புறந்தான் நீங்கள்லாம் வந்தீங்க. ஒரு சொட்டு நான் அழல்ல."

அவளுடைய முகம் நனைந்திருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக யூஜினா சொன்னாள்.

"அன்னைக்கி மழக்கா. எல்லாரு மொகமுந்தான் நனஞ்சிருந்திச்சு. ஓம் மொகமும்."

பன்னிரண்டு வருஷமாக யூஜினா அந்த முகத்தை மனதில் வைத்திருந்தாள். ஒரு தடவை கேட்டிருந்தால் இரண்டு வார்த்தையில் தெரிந்திருக்கும். கொழுந்துச் செடியை மட்டம் பார்க்கிற அந்த நீளக் கம்பு பிறகு அம்மாக்கண்ணுவின் கையில் இல்லாததைக்கூட அவள் கவனித்திருக்கவில்லை. பெண்ணை அழ வைத்துத்தான் மற்றவர்களை இரங்க வைக்க முடியும் என்று, ஆண் எழுத்தாளர்களைத் திட்டித் திட்டியே பேர் வாங்கியவள், தானும் அதையே செய்திருக்கிறாள்.

அத்தியாயத்தை முழுதாக எடுத்துவிடுகிறேன் என்றாள்.

அம்மாக்கண்ணு கையைக் கழுவித் துடைத்தாள். போனை எடுத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று யூஜினாவுக்குப் புரிவதற்குள் மறுபக்கம் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. நிறுத்தச் சொல்லி யூஜினா கையைப் பிடித்தாள். அம்மாக்கண்ணு கையை விடுவித்துக்கொண்டாள்.

கிஷாந்த் எடுத்தான். பின்னால் கடைச் சத்தம். சாப்பிட்டாயா என்று அவன் கேட்டது யூஜினாவுக்கும் கேட்டது.

"ஒங்கக்கிட்ட ஒண்ணு சொல்லணுங்க. வேற ஆளு சொல்றதுக்கு முந்தி நான் சொல்லணும்."

சொன்னாள். பெரட்டில் வேலை விவரம் சொல்கிற மாதிரி, யார், எங்கே, என்ன செய்ய வந்தான், தான் என்ன செய்தேன், பெண்கள் என்ன செய்தார்கள் என்று வரிசையாகச் சொன்னாள். அது புத்தகத்தில் வருகிறது என்பதையும் சொன்னாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபக்கத்தில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ துவாய் என்ன விலை என்று சிங்களத்தில் கேட்டார்கள்.

"யாவாரம் இருக்கு," என்றான் கிஷாந்த். கட் ஆகிவிட்டது.

இரண்டு பெண்களும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மறுபடி அடிக்கவில்லை. பிள்ளை பசிக்கிறது என்று வந்து தாயின் பாவாடையை இழுத்தது. அம்மாக்கண்ணு ஒரு ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டாள்.

"இன்னமும் வெட்டிறலாம், அம்மாக்கண்ணு. அவருக்கிட்ட நான் பேசுறேன்."

"இனிமே வெட்டுனா நான் சொன்னது பொய்யாப் போயிரும்க்கா. எல்லாத்தையும் எழுது. ஆனா நடந்த மாதிரி எழுது." ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "ஏழு வருசம் எங்கூட மூஞ்சிக்கு மூஞ்சி நின்னுக்கிட்டு எழுதிருக்க. ஒரு வார்த்த கேக்கத் தோணலல்ல ஒனக்கு."

யூஜினா கொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினாள். அவள் போகும்போது அம்மாக்கண்ணு தலை நிமிரவில்லை.

காலையில் பெரட்டுக் களத்தில் பனி விலகியிருக்கவில்லை. பெண்கள் முப்பத்தைந்து பேர், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, எந்த மலைக்குப் போகவேண்டும் என்று கேட்க நின்றார்கள். தோட்டத்து மனேஜரான துரையும் வந்திருந்தார். புதிதாக வந்த சிங்களப் பொடியன், தமிழ் அவ்வளவு புரியாது. செல்லசாமி ஒரு கையில் பேர்ப் புத்தகமும் மறு கையில் பழுப்பு உறையுமாக நின்றார். எல்லாரும் பார்க்கவேண்டும் என்றே கொண்டு வந்திருந்தார். யூஜினா கையில் துண்டு எதுவும் இல்லை என்பதைக் கண்டதும் அவருடைய விரல் சட்டைப் பையைத் தொட்டது.

வெட்டவில்லை என்று சொல்வதற்கு யூஜினா வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டத்திலிருந்து அம்மாக்கண்ணு முன்னால் வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது, இரவு தூங்கவில்லை போலும். போன் வரவில்லை என்பது யூஜினாவுக்கு அதிலேயே தெரிந்தது.

"கண்டாக்கையா, நாலாம் நம்பர் மலைக் கத ஒங்க கையில இருக்காம்ல. நாங்களும் கேக்கணும். வாசிங்க."

பேசாமல் வரிசைக்குப் போகும்படி செல்லசாமி சொன்னார்.

"எம் புருசனுக்குத் தெரியும். நேத்தே சொல்லிட்டேன். இப்ப இவளுகளுக்குத்தான் வாசிக்கணும். ஆனா இவளுகளுக்கும் தெரியும், சாக்கத் தூக்குனதே இவளுகதானே. அப்ப யாருக்குத் தெரியாது?"

சொல்லிவிட்டு அவள் துரையைப் பார்த்தாள். முப்பத்தைந்து பெண்களும் துரையைப் பார்த்தார்கள். சாக்கை ஏற்றியவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் இன்னமும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒருத்தி கீழே இருந்த வெறும் சாக்கை எடுத்து, ஒன்றும் தெரியாதவள்போல, மெல்ல உதறினாள்.

துரைக்கு ஏதோ நடக்கிறது என்று மட்டும் விளங்கியது. "மொகத மே?" என்று கேட்டார். என்ன இது என்று அர்த்தம்.

ஒன்றும் இல்லை சார், ஒரு கடிதம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று செல்லசாமி சிங்களத்தில் சொன்னார். யாருடையது என்று துரை கேட்டார்.

"மகே," என்றாள் யூஜினா. என்னுடையது.

கடிதம் என்று சொல்லியாயிற்று. கடிதத்தைக் கொடுக்காமல் எப்படி நிற்பது? செல்லசாமி உறையை நீட்டினார். யூஜினா வாங்கி, களத்திலேயே நின்று, தாள்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரி பார்த்தாள். அந்த நேரம் முழுவதும் அந்த ஆள் அசையாமல் நின்றார். பிறகு பேர்ப் புத்தகத்தைத் திறந்து மலைகளைப் பிரித்தார். அம்மாக்கண்ணுவுக்கு ஆகத் தூரத்து மலை விழுந்தது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு ஏறிப் போனாள்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாக்கண்ணு மலையிலிருந்து அவசரமாக இறங்கி வந்தாள். பிள்ளை மடுவத்துத் தரையில் உட்கார்ந்து இருவரும் ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருத்தினார்கள். தூங்குகிற பிள்ளைகள் எழும்பிவிடாமல் அம்மாக்கண்ணு மெல்லச் சொல்லச் சொல்ல, யூஜினா ஓரத்தில் சிவப்புப் பேனையால் எழுதினாள். கதறலும் கண்ணீரும் இருந்த அரைப் பக்கம் குறுக்குக் கோட்டுக்குள் போனது. இரண்டு அடியும், தெறித்த கடிகாரமும் வந்தன. கடைசியில் மழை இருக்கட்டுமா என்று யூஜினா கேட்டாள். இருக்கட்டும், மழை நெசம்தானே என்றாள் அம்மாக்கண்ணு. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் யூஜினாவே ஹட்டனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

விழா நடந்தது. இராயப்பன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் பிரதியை வாங்க நஸாரைத்தான் அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். அவர் மேடை ஏறாமல் செரீபாவை அனுப்பினார். லயத்தில் சொல்லி வந்த அர்த்தத்துக்கு அன்றோடு பாதி உயிர் போயிற்று. அம்மாக்கண்ணு வரவில்லை. அன்றைக்கு வரைக்கும் கொழும்பிலிருந்து போன் வரவில்லை.

போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் கிஷாந்த் வந்தான். கையில் பை, முகத்தில் ஒன்றும் இல்லை. அம்மாக்கண்ணுவின் காம்பராக் கதவு சாத்திக்கொண்டது. இரண்டு பக்கத்துக் காம்பராக்காரர்களும் சுவரில் காதை வைத்தார்கள். மீனம்மாவும் அங்கே வந்து நின்று, பிட்டு அவிய வைத்ததைக்கூட மறந்தாள். ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். சத்தமே இல்லை. பிறகு கதவு திறந்தது. கிஷாந்த் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனான். அந்த லயத்தில் ஆம்பளை தண்ணீர் பிடிக்கப் போவதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. அதற்கும் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள். நல்லதென்று சிலர், அவளோடு ஒரு வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்தான் என்று சிலர். ஒருவருக்கும் சரியாகத் தெரியாது.

போயா கழிந்து மறுநாள் காலையில் அம்மாக்கண்ணு பிள்ளையை விட மடுவத்துக்கு வந்தாள். யூஜினா பிள்ளையைக் கையில் வாங்கினாள். வாங்கியதும் போகவிடவில்லை.

"முந்தாநேத்து உள்ளுக்கு என்ன பேசுனீங்கன்னு நான் கேக்கல்ல. அத எப்பயாச்சும் எழுதலாமான்னு மட்டும் கேக்குறேன்."

அம்மாக்கண்ணு படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"அது வேணாம்க்கா," என்றாள்.

யூஜினா சரி என்றாள். அம்மாக்கண்ணு தூரத்து மலைக்கு ஏறினாள்.